வண்டியை நிறுத்த ஓரிடம்: புதுச்சேரி, கடலூர் நெடுஞ்சாலைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய இரு அரசுகளின் சுற்றுலாத் துறைப் பொறுப்பாளர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கடலூரில் குடியிருந்துகொண்டு, விடுமுறை வந்தால் குடும்பத்தோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்களில் நானும் ஒருவன். வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் சிதம்பரத்துக்கும் போகும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டுச் செல்லும் உறவினர்களும் எனக்கு உண்டு. வழியில் என்ன பார்த்தீர்கள் என்று அவர்களைக் கேட்டால், சுங்கச்சாவடியில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதும், சாப்பிட்ட ஓட்டலில் தோசை எவ்வளவு விலை என்பதும்தான் பெரும்பாலும் விடையாக வருகின்றன. இரண்டாயிரம் ஆண்டு வரலாறு கிடக்கும் நிலத்தின் நடுவே வந்தவர்கள் சொல்ல ஒன்றுமில்லாமல் வந்து இறங்குவது அவர்கள் குற்றமன்று. எங்கே நிற்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நிறுத்துவதற்குத் தோதான இடம் இல்லை. இந்த மடல் அதைப் பற்றியது மட்டுமே.

நான்குவழிச்சாலைக்கு நான் எதிரி அல்லன். ஊருக்குள் நுழைந்து, பேருந்து நிலையத்தின் முன்னால் அரைமணி நேரம் உறுமிக்கொண்டு நின்று, கல்யாண ஊர்வலத்துக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போன காலம் இனிமையானது என்று இன்று எழுதுகிறவர்கள் அந்த நெரிசலில் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொண்டதைப் பார்த்திருக்க மாட்டார்கள். புறவழிச்சாலை தேவைதான். ஆனால் அது நம்மை ஊரிலிருந்து ஓரமாக எடுத்துச் செல்லும்போது, ஊர் எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும் பொறுப்பும் சாலையின் தலையில் ஏறிவிடுகிறது. பழைய சாலையில் கோபுரம் தானே கண்ணில் பட்டது. புதிய சாலையில் யாராவது கைகாட்டினால்தான் தெரியும்.

மேற்கிலிருந்து தொடங்குகிறேன். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் சாலையில், புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும், மதகடிப்பட்டு, திருவாண்டார்கோயில், திருபுவனை என்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இந்த மூன்று ஊர்களிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சோழர் காலக் கோயில்கள், நெடுஞ்சாலைக்கு மிக அருகிலேயே நிற்கின்றன. மதகடிப்பட்டில் குண்டாங்குழி மகாதேவர். திருவாண்டார்கோயிலில் பஞ்சநதீசுவரர், திருஞானசம்பந்தர் 'வடுகூர்' என்று பாடிய தலம் இதுவே. திருபுவனையில் வரதராசப் பெருமாள். சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இப்படி மூன்று கற்றளிகளைக் கோத்து வைத்திருக்கும் நெடுஞ்சாலைகள் தமிழ்நாட்டிலும் அதிகம் இல்லை. காரில் வரும் குடும்பம் மூன்றுக்கும் இறங்க வேண்டியதில்லை. ஒன்றில் இறங்கி, கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஓடும் சிறு சிற்பப் பட்டிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, மரத்தடியில் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட அரைமணி நேரம் போதும்.

திருபுவனைக் கோயிலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று, இங்கே நடந்த கல்லூரியில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததைக் குறிப்பிடுகிறது. கோடை விடுமுறையில் அந்தச் சாலையில் போகும் கார்களின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள். இந்த ஊரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு கல்லூரி இருந்தது, அதில் உன்னைப் போல 260 பேர் படித்தார்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சாலையோரத்தில் எழுதியிருந்தால், வண்டியை நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் அடம்பிடிக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். தொல்லியல் துறையின் நீலப் பலகை கோயில் வாசலில் நிற்கும். வாசல்வரை வந்துவிட்டவர் அதைப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம், அவர்தான் வந்துவிட்டாரே. பலகை தேவைப்படுகிறவர், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருப்பவர்.

அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் 40 நொடியில் கடந்துவிடும். பெயரைப் படித்து, பக்கத்தில் இருப்பவரைக் கலந்து, பின்னால் வரும் லாரியைக் கண்ணாடியில் பார்த்து, இடது தடத்துக்கு மாறி, அணுகுசாலையில் இறங்க அந்த 40 நொடி அளவாக இருக்கும். ஆகவே திருப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு பலகையும், திருப்பத்தில் இன்னொரு பலகையும் வேண்டும். சுற்றுலா இடங்களுக்குப் பழுப்பு நிறப் பலகை என்று, சாலைகளுக்குத் தரவிதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரசின் விதிகளிலேயே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. இவ்வளவையும் எழுதக் காரணம், திருப்பத்துக்கு மேலேயே வைத்த பலகையைக் கண்டதும் சட்டென்று பிரேக்கில் கால் வைக்கிறவர்கள் உண்டு என்பதுதான். அறிவிப்பு தாமதமாக வந்தால் அது விபத்துக்கே வழிசெய்யும்.

புதுச்சேரி நகரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கடற்கரைச் சாலைக்கும் வெள்ளைக்காரத் தெருக்களுக்கும் விளம்பரம் போதுமான அளவு இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு தனி யாத்திரை. நகரத்தைத் தாண்டித் தெற்கே, கடலூர்ச் சாலையில் நான்கு கிலோமீட்டர் வந்தால் அரியாங்குப்பம். அங்கிருந்து கிழக்கே பிரியும் சிறு சாலை காக்காயந்தோப்பு வழியாக அரிக்கமேட்டுக்குப் போகிறது. இந்தச் சாலையில் நிற்கத் தகுந்த இடம் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் சொல்வது அரிக்கமேடுதான். அங்கே பார்ப்பதற்குக் கண்ணுக்குத் தெரியும்படி அதிகம் இல்லை என்பதை அறிந்தே சொல்கிறேன்.

1937இல், அந்த மண்ணில் கிடைத்த மணிகளையும் செதுக்கிய கற்களையும் ஊர்ப் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்க, அவற்றில் ஒன்றில் உரோமப் பேரரசர் அகசுதசின் உருவம் இருப்பதாகப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டார். 1944இல், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் கிடந்த மண்சாடியின் உடைந்த பாகத்தை இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் கையில் எடுத்து, இது மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடி அல்லவா என்று வியந்து, அது எங்கிருந்து வந்தது எனக் கேட்டு, அடுத்த ஆண்டே அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். பின்னர் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசாலும், 1989 முதல் தொல்லியலாளர் விமலா பெக்லியும் தோண்டினார்கள். மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளும், இத்தாலியில் வனைந்த சிவப்புக் கலங்களும், இங்கேயே செய்து கப்பலேற்றிய கண்ணாடி மணிகளும் கிடைத்த கரை அது. தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. கிடைத்த பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. இன்று தோப்பும், ஆறும், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கட்டடம் ஒன்றின் செங்கல் சுவர்களும்தான் இருக்கின்றன. அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டு, இதுதான் உரோமர் கட்டியது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு திரும்பும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். எங்கே தோண்டினார்கள், எந்த ஆழத்தில் என்ன கிடைத்தது, கப்பல் ஆற்றில் எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்று காட்டும் நான்கைந்து படப் பலகைகள் அந்தத் தோப்பில் நின்றால், வெறும் மேடாகத் தெரிவது துறைமுகமாகத் தெரியும். கட்டடம் வேண்டாம்; அலங்கார வளைவு வேண்டவே வேண்டாம். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உள்ள பொருள்களின் படங்களும், அவை கிடைத்த இடத்துக்குக் கைகாட்டும் அம்புக்குறிகளும் போதும்.

பாகூரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது சாலையிலிருந்து சற்று உள்ளே இருப்பதால். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. மூலநாதர் கோயிலையும், மழைக்குப் பின் நிரம்பிய பாகூர் ஏரியையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்குக் கன்னியக்கோயிலிலிருந்து மேற்கே திரும்பியது வீண்போகாது. மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரையில் பறவைகளுக்காக நிற்கிறவர்களும் உண்டு. பக்கத்துத் தென்னம்பாக்கத்தில், அழகுமுத்து ஐயனார் கோயிலைச் சுற்றி, வேண்டுதல் நிறைவேறியவர்கள் செய்துவைத்த உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. குதிரை வீரர்களுக்கு நடுவே, கணினியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களையும் பார்க்கலாம். இவ்வளவு கலகலப்பான இடத்துக்குச் சுற்றுலாப் பட்டியலில் இன்னும் முன்வரிசை கிடைக்காதது எனக்கு வியப்புத்தான்.

முள்ளோடை எல்லையில் மட்டும் எல்லாருக்கும் நிற்கத் தெரிகிறது. எதற்காக நிற்கிறார்கள் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஒரு விலை வேறுபாடு போதும், பலகையே இல்லாமல் வண்டிகள் வரிசையில் நிற்கும் என்பதை அந்த எல்லை காட்டுகிறது. தென்பெண்ணையைத் தாண்டினால் எங்கள் கடலூர் வந்துவிடும்.

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருகிறவர்களில் பலருக்கு, கெடிலம் கடலில் சேரும் அந்தப் பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது என்பது தெரியாது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி அதை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு என்பது பேச்சு. சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களெல்லாம் கைமாறின. இன்றும் குண்டுசாலை என்றும் குண்டு உப்பலவாடி என்றும் நாங்கள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கும் பெயர்கள் அந்தப் பேரத்தின் மிச்சம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே இந்தக் கோட்டைக்கு வந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை இதைப் பிடித்துத் தகர்த்தது. இடிபாடுகள் மிகச் சிலவே. ஆனால் குண்டு எங்கே விழுந்தது என்று ஒரு வரைபடத்தைக் கடற்கரையில் வைத்தால், சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பும் கூட்டத்தில் பாதிப்பேர் அதன் முன்னால் நிற்பார்கள் என்பது என் நம்பிக்கை. அதேபோல், கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பமும், திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலும், வேதாந்த தேசிகர் வாழ்ந்த திருவந்திபுரமும் எங்கள் நகரத்தைச் சுற்றியே இருக்கின்றன. இவற்றுக்கு ஆள் சேர்க்கப் பலகை வேண்டியதில்லை. வருகிறவர்களுக்கு நிழலும் கழிப்பறையும் இருந்தால் போதும்.

கழிப்பறை என்று எழுதியபோதுதான் இந்த மடலின் முதன்மையான பகுதிக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் எங்கே நிற்பது என்பதை எங்கள் வீட்டில் தீர்மானிப்பது வரலாறும் அல்ல, பசியும் அல்ல. உடன் வரும் பெண்களும் வயதானவர்களும் கௌரவமாக ஒதுங்க ஓரிடம் கிடைக்குமா என்பதுதான். அந்த நம்பிக்கை இல்லாததால் புறப்படும்போதே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் அத்தையும் அவர்களில் ஒருவர். சுத்தமான கழிப்பறை ஒன்று, ஓடும் தண்ணீர், இரவிலும் எரியும் விளக்கு, பூட்டாத கதவு, அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள் ஆகிய இவை இருந்தால், பக்கத்தில் உள்ள எந்தச் சாதாரணக் கோயிலும் ஏரிக்கரையும் நினைவில் நிற்கும் இடமாகிவிடும். இவை இல்லையென்றால் எந்தச் சிற்பமும் யாரையும் காரிலிருந்து இறக்காது.

தேசிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக வழியோர வசதி மையங்கள் அமைப்பதாகத் திட்டம் இருப்பதை அறிவேன். நல்ல திட்டம். என் விண்ணப்பம், அவற்றுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது நிலம் எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்பதோடு, பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது, அந்த மண்ணில் என்ன விளைகிறது என்பவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே. எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்றே தெரியாதபடி ஒரே கண்ணாடிச் சுவரும் ஒரே பெட்டி உணவும் வைத்த மையங்கள் வயிற்றை நிரப்பும்; அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் பங்குனி, சித்திரையிலிருந்து சாலையோரத்தில் பலாப்பழம் மலையாகக் குவிந்திருக்கும். அறுத்துச் சுளை எடுத்துத் தரும் பெண்ணின் கையில் எண்ணெய் மினுங்கும். வாங்குகிறவர்கள் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தின்று முடிப்பார்கள். காடாம்புலியூர், குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் முந்திரி. 2011 டிசம்பரில் அடித்த தானே புயல் இந்தப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தபோது, சாலையோரத்தில் விற்றுப் பிழைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்தது. மறுபடி நட்டு, காய்க்கும்வரை காத்திருந்து, மறுபடி அதே சாலைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். சாலை அகலமாகும்போது அவர்களுடைய மரநிழல் போகிறது. வண்டிகள் ஏறுபாலத்தின் மேல் போய்விடுகின்றன. வசதி மையங்களில் பெரிய உணவகத்துக்கு ஏலம் விடுவதற்கு முன், கூரை போட்ட பத்துக் கடைகளைக் குறைந்த நாள்வாடகைக்கு இவர்களுக்கென ஒதுக்கிவையுங்கள். பலாவும் நுங்கும் முந்திரியும், கடலூர் முதுநகர்க் கருவாடும், பண்ருட்டிப் பொம்மையும், வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடும் அங்கே இருக்கட்டும். கருவாட்டை மட்டும் சற்றுத் தள்ளி வைத்தால் நல்லது என்று என் மனைவி எழுதச் சொல்கிறார்.

வழிப்போக்கரை எப்படி நடத்துவது என்பதற்கு இந்த மாவட்டம் வெளியே முன்மாதிரி தேடிப் போக வேண்டியதில்லை. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும், பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் சந்திக்கும் வடலூரில், வள்ளலார் 1867 மே 23 அன்று தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு அன்றிலிருந்து அணையாமல் எரிகிறது. எந்த ஊர், என்ன சாதி, எங்கே போகிறாய் என்று கேட்காமல் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். லாரி ஓட்டுநரும், பரதேசியும், காரில் வந்த குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கே பார்க்கலாம். எதிரே 1872இல் திறந்த எண்கோண வடிவச் சத்திய ஞானசபை. இவ்வளவு பெரிய சந்திப்பில், சாப்பிட்டு எழுந்தவர் வண்டியை வெயிலில் தேடிப் போகாதபடி மரம் சூழ்ந்த நிறுத்துமிடம் ஒன்று அமைத்தால், சாலைத்துறை செய்ய வேண்டியது அங்கே முடிந்துவிடும். மீதியை வடலூர் பார்த்துக்கொள்ளும்.

பழைய சாலைகளைப் போட்டவர்களுக்கு இந்த அறிவு இருந்தது. சத்திரம் கட்டினார்கள், கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், இருபுறமும் புளியமரம் நட்டார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மறுபடி தாமே ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் சுமைதாங்கிக் கல்லை நிறுத்தினார்கள். பிள்ளைப்பேற்றின் முன் இறந்துபோன பெண்களின் நினைவாக நட்ட கற்கள் அவற்றில் பல. சாலை விரிவாக்கத்தில் அப்படிப்பட்ட கல் எதிர்ப்பட்டால், உடைத்து ஜல்லியோடு சேர்த்துவிடாமல், நிறுத்துமிடத்தின் ஓரமாக மறுபடி நட்டு வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்குச் செலவு என்று சொல்லும்படி ஒன்றும் ஆகாது.

தெற்கே பரங்கிப்பேட்டையும் பிச்சாவரமும் இருக்கின்றன. பிச்சாவரத்தின் சதுப்பு நிலக் காட்டுக்கு 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்த பின் கூட்டத்துக்குக் குறைவில்லை. பரங்கிப்பேட்டையில் 1781இல் ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படைக்கும் போர் நடந்தது. இன்று அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. இவை இரண்டும் சிதம்பரம் செல்வோர் ஒரு மணி நேரம் ஒதுக்கத் தக்கவை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பலகைகளில் நேரத்தையும் எழுதுங்கள். நம் கோயில்கள் பல நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறக்கின்றன. காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்புகிறவர் இந்தப் பக்கம் வந்து, ஓட்டலில் சாப்பிட்டு, கோயிலுக்குப் போகும்போது மணி சரியாக நடை சாத்தும் நேரமாகியிருக்கும். மூடிய கதவின் முன் ஒருமுறை நின்றவர் அடுத்த பயணத்தில் அந்தத் திருப்பத்தில் திரும்புவதில்லை. நேரம் தெரிந்தால் முதலில் கோயில், பிறகு சாப்பாடு என்று அவரே மாற்றிக்கொள்வார்.

கடைசியாக, இரண்டு அரசுகளுக்கும் சேர்த்து ஒரு சொல். இந்தச் சாலையில் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வருகின்றன. ஓரிடத்தில் சாலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றொன்று. காரில் போகிறவருக்கு அது ஒரே சாலை, ஒரே நாள் பயணம். புதுச்சேரி வெளியிடும் வரைபடத்தில் திருவந்திபுரமும் வடலூரும் இருக்கட்டும். கடலூர் மாவட்டம் வைக்கும் பலகையில் அரிக்கமேடும் பாகூரும் இருக்கட்டும். இரண்டு துறைகளின் அதிகாரிகளும் ஒரே வாகனத்தில் ஏறி, விழுப்புரத்திலிருந்து சிதம்பரம்வரை, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பப் பயணியைப் போல உட்கார்ந்து, ஒரு சனிக்கிழமை வந்து பார்க்க வேண்டுகிறேன். உடன் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரையும் பிள்ளை ஒன்றையும் அழைத்து வந்தால், எங்கெல்லாம் நிறுத்த வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்பது தெரிந்ததே. திருபுவனையிலிருந்து தொடங்கலாம். கோயில் சாலைக்கு அருகில் இருக்கிறது, கல்வெட்டுச் செய்தி கையில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு பழுப்புப் பலகை, எட்டுப் பத்துக் கார்கள் நிற்க நிழலுள்ள இடம், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, உள்ளூர்க்காரர் நால்வருக்குக் கடை. வரும் கோடை விடுமுறைக்குள் இது முடிந்தால், அரிக்கமேட்டுப் படப் பலகைகளை அடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து
ஒரு வாகன ஓட்டி